டிஷ்ஷைத் திருப்புவதற்கு முன்

கத்தாரின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் உள்ள க்யூஓ-100 டிரான்ஸ்பாண்டர், 2019 முதல் ஹாம் ரேடியோக்காரர்களுக்குத் திறந்திருக்கிறது. வானில் ஒரே இடத்தில் நிற்பதால் ஆன்டெனாவை ஒருமுறை சரியாக நிறுத்தினால் போதும். மாமல்லபுரத்திலிருந்து அது மேற்கில், சற்றே தெற்கு ஒதுங்கி இருக்கிறது: திசை 261 டிகிரி, உயரம் 27 டிகிரி. 90 செ.மீ. டிஷ்ஷை ஒரு டிகிரி பிசகி வைத்தாலே சிக்னல் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மொட்டை மாடியில் காம்பஸை நம்பாதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முள்ளை இழுத்துவிடும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வரும்போது நூலின் நிழல்மேல் சாக்பீஸால் கோடு போடுங்கள்; அதுதான் அசல் வடக்கு-தெற்கு. அந்த நேரம் நம் கரையில் 11.53-க்கும் 12.23-க்கும் இடையே நாளுக்கு நாள் மாறும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் தலைக்கு நேர்மேலே வந்துவிடுவதால் இந்த வழி உதவாது. பழைய டிடிஹெச் டிஷ் என்றால், சரியாக வைத்தபின்னும் கிட்டத்தட்ட செங்குத்தாகத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மேலே நிமிர்த்திவிடாதீர்கள்.

குறி தவறியதைப் பவர் கூட்டிச் சரிக்கட்டுவது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். செயற்கைக்கோளின் அடையாள சிக்னலான பீக்கனைவிட உரக்கப் போகும் சிக்னல்மேல் 'லெய்லா' என்ற காவல் ஏற்பாடு அபாயச் சங்கு ஊதும். அனுப்பும்போது டிஷ்ஷுக்கு முன்னால் யாரையும் நிற்கவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது மின்கம்பிதான். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. உப்புக்காற்றில் நட்டும் கிளாம்பும் அரித்துப்போகும் ஊர் இது. டிஷ்ஷைத் தாங்கும் கம்பத்தை, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தில் மட்டுமே நடுங்கள். கம்பிமேல் விழுந்துவிட்டால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தை 94987 94987-இல் கூப்பிடுங்கள்.

கோயில்களுக்கும் குடைவரைகளுக்கும் அருகில் வீடு இருந்தால் இன்னொன்று. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். எழுப்பும் எந்த அமைப்பையும் சட்டம் கட்டுமானமாகப் பார்ப்பதால், 'வெறும் கம்பம்தானே' என்று இருந்துவிடாமல் தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமமில்லாமல் சிக்னல் அனுப்புவது குற்றம். 12 வயது நிறைந்தவர் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வெழுதி உரிமம் வாங்கலாம். உரிமம் உள்ளவரின் அலைவரிசையில் யாரேனும் குறுக்கிட்டால் தேதி, நேரம், அலைவரிசை, ஒலிப்பதிவு ஆகியவற்றோடு அத்துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். பதில் வராவிட்டால் மத்திய அரசின் சிபிகிராம்ஸ் தளத்தில் முறையிடலாம். அங்கே தரும் பதிவு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.