தலையில் வந்த கட்டியும் இடுப்பு வலியும்



விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இடுப்பு வலி புதுசல்ல. களிமண் மூட்டை தூக்கினால் வலிக்கத்தான் செய்யும். தைலம் தடவி இரண்டு நாள் படுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் முன்பு மூளைக்கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு இந்த வலி வந்தால் தைலத்தோடு விட்டுவிடக் கூடாது.

மெடுல்லோபிளாஸ்டோமா என்பது சிறுமூளையில், அதாவது பின்மண்டைப் பக்கம் வரும் புற்றுநோய்க் கட்டி. பெரும்பாலும் குழந்தைகளுக்கே வரும். பெரியவர்களுக்கு மிக அபூர்வம். 10 லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவருக்குக்கூட வருவதில்லை. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், ஒன்று இரண்டாகத் தெரிவது ஆகியவை இதன் அறிகுறிகள். "பித்தம்" என்றும், பாவம், "குடிச்சிருக்கான்" என்றும் சொல்லி நாளைக் கடத்திவிடுகிறோம்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் ஓடுகிறது. கட்டியின் அணுக்கள் அதில் கலந்து முதுகுக்குள் இறங்கும். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு தலைக்கும் முதுகு முழுவதற்கும் கரண்டு வைக்கிறார்கள். "கட்டி தலையிலதானே, முதுகுக்கு எதுக்கு?" என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

நூற்றில் ஒரு சிலருக்கு இது அந்த எல்லையையும் தாண்டி எலும்பில் போய் உட்காரும். இடுப்பெலும்பு, முதுகெலும்பு, தொடை எலும்பு என எங்கும் வரலாம். சிகிச்சை முடிந்து சில வருஷம் கழித்தும் வரும். அப்போது தலை ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் இருக்கும். ராத்திரியிலும் விடாத வலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இது ஒட்டுவாரொட்டி அல்ல. கணவனும் மனைவியும் சேர்ந்தே வாழலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். ஆனால் கதிர்வீச்சும் மருந்தும் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும். சிகிச்சை நடக்கும்போது கருத்தரிக்கக் கூடாது. பிறகு குழந்தை வேண்டுமென்றால், சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள். ஆணின் விந்தை எடுத்துப் பாதுகாத்து வைக்க வழி உண்டு. மனைவி முழுகாமல் இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூளை அறுவைக்கு வேலூரில் 1949-லும் சென்னைப் பொது மருத்துவமனையில் 1950-லும் தனிப்பிரிவு தொடங்கினார்கள். இப்போது நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரிலேயே வசதி இருக்கிறது. முதலில் விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் பழைய ஆபரேஷன் சீட்டும் கையில் இருக்கட்டும். இடுப்பு வலிக்குப் பார்க்கும் டாக்டருக்கு உங்கள் தலை ஆபரேஷன் பற்றித் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.