இடம் குறையலாம், கணக்கு குறையலாகாது

பாலாற்றங்கரைப் பள்ளிகொண்டாவிலும் அதையடுத்த ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கங்களிலும் தோலையும் காலணியையும் ஜீவனோபாயமாகக் கொண்ட சிறு வியாபாரி ஒருவர், புதிய கம்ப்யூட்டரில் ஓட மறுக்கும் பழைய கணக்கு மென்பொருளைக் காப்பாற்றிக்கொள்ள, கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே இயங்கும் இன்னொரு கம்ப்யூட்டரான வெர்ச்சுவல் மெஷினை நாடுவது நியாயமே. ஆயினும் அதன் டிஸ்க் கோப்பு நாளடைவில் பெருத்து ஹார்ட் டிஸ்கை நிரப்பும்போது, அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை அழித்து, பல்லாண்டுக் கணக்கை ஒரு நொடியில் இழக்கும் அபாயம் உண்டு.

தேவைக்கேற்ப வளரும் டிஸ்க் கோப்பு, உள்ளே எழுத எழுத விரியுமேயன்றி, உள்ளே அழிப்பதால் பெரும்பாலும் தானாகச் சுருங்குவதில்லை. பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிடுவதால் ஏட்டின் கனம் குறையாதது போன்றதே இது. ஆதலால் உள்ளே விண்டோஸ் 25 ஜிபி மட்டுமே உபயோகத்தில் இருப்பதாகக் காட்ட, வெளியே அதே கோப்பு 90 ஜிபியை அடைத்து நிற்பதும் சாத்தியம். மெஷினின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டுகளோ ஒன்றையொன்று சார்ந்த சங்கிலி. ஃபோல்டரைத் திறந்து ஒரு கண்ணியைக் கையால் அழித்தால் மெஷினே திறக்காமற் போகலாம்.

ஆகவே, முதலில் மெஷினை நிறுத்தி முழு பேக்கப்பை வேறொரு டிஸ்கில் எடுத்து, அது திறக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் ஒருபோதும் பேக்கப் ஆகாது. பின்பு வேண்டாத ஸ்னாப்ஷாட்டுகளை மென்பொருளின் பட்டியல் வழியாகவே நீக்கி, மெஷினை மீண்டும் இயக்கி, உள்ளே தற்காலிகக் கோப்புகளையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, விண்டோஸில் எஸ்டெலீட் என்னும் கருவியின் 'இசட்' தேர்வால் காலியிடத்தைப் பூஜ்யங்களால் நிரப்ப வேண்டும். இந்த வேலையின்போது கோப்பு தன் உச்ச அளவு வரை வளரக்கூடுமாதலால், வெளியே அதற்கான இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். அதன்பின் மெஷினை முறையாக ஷட் டவுன் செய்து, வெர்ச்சுவல்பாக்ஸின் விடிஐ கோப்பானால் 'காம்பாக்ட்' கட்டளையையும், ஹைப்பர்-வி ஆனால் 'ஆப்டிமைஸ்-விஹெச்டி'யையும் இயக்கினால் கோப்பு சுருங்கும்.

சட்டமோ கணக்கைப் பாதுகாக்கும் கடமையை நம் மீதே சுமத்துகிறது. ஜிஎஸ்டி பதிவுள்ளவர் வருடாந்தர ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்களும், கம்பெனி எட்டு நிதியாண்டுகளும் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கும் கம்பெனி, இந்தியாவிலுள்ள சர்வரில் தினசரி பேக்கப்பும் வைக்க வேண்டும். இடம் நிரம்பியதென்பது சமாதானமாக ஏற்கப்படாது.

பிறர் அழித்துவிட்டால் பரிகாரம் உண்டு. உரிமையாளர் அனுமதியின்றித் தகவலை அழிப்பது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி நஷ்டஈட்டுக்கு உரியது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை, தீர்ப்பளிக்கும் அதிகாரியான தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் தாக்கல் செய்யலாம். 2010-இல் இணைய மோசடியில் பணமிழந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு வங்கி நஷ்டஈடு தரவேண்டுமென அப்பதவியிலிருந்தவர் உத்தரவிட்டதே இவ்வழி வெறும் ஏட்டுச் சட்டமன்று என்பதற்குச் சாட்சி.

ஆனால் அனுமதி எதற்குத் தரப்பட்டது என்பதே வழக்கின் உயிர்நாடி. மெஷினை ரிப்பேர்காரரிடம் ஒப்படைக்குமுன், எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கையொப்பம் பெற்று, பேக்கப்பைத் தம் வசமே வைத்துக்கொள்பவருக்கு நீதி கேட்கும் தேவையே பெரும்பாலும் எழாது; எழுந்தாலும் அவர் வெறுங்கையோடு செல்ல மாட்டார்.