காசு கொடுத்த பிறகும் குறுக்கே நிற்கும் விளம்பரம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். டெய்லரோ, செக்கிங் பெண்ணோ, அயர்ன் மாஸ்டரோ, யாராக இருந்தாலும் சமையல், துவைப்பு, பிள்ளைகளின் பாடம் எல்லாம் போகத் தனக்கென்று மிஞ்சுவது ஒன்றிரண்டு மணி நேரம்தான். அந்த நேரத்தில்தான் போனை எடுக்கிறார்கள். ஒருவர் படம் பார்க்கிறார், ஒருவர் செஸ் ஆடுகிறார், ஒருவர் எம்பிராய்டரி டிசைன் தேடுகிறார், ஒடிசாவிலிருந்து வந்தவர் தன் மொழிப் பாட்டைக் கேட்கிறார். பலர் இதற்குப் பணம் கட்டுகிறார்கள், நேரடிச் சந்தாவாகவோ ரீசார்ஜோடு சேர்த்தோ. அப்படிப் பணம் கட்டியவருக்கு என்ன கிடைக்க வேண்டும்? இலவசமாகப் பார்ப்பவரின் திரையில் விளம்பரம் வருவதில் எனக்குக் குறையில்லை. அங்கே விளம்பரம்தான் கட்டணம். பணத்தையும் வாங்கிக்கொண்டு விளம்பரத்தையும் குறுக்கே நிறுத்துவது ஒரே சரக்குக்கு இரண்டு விலை வாங்குவதாகும். ஆண்டுச் சந்தா கட்டி முடித்தவரிடம் நடுவழியில் அதைப் புகுத்துவது இன்னும் ஒரு படி மேலே போய், பேசிய பேச்சையே மீறுவதாகும்.

இந்தியாவில் இதற்குத் தெளிவான உதாரணம் அமேசான் பிரைம் வீடியோ. 2025 மே மாதம் சந்தாதாரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: ஜூன் 17 முதல் படங்களிலும் தொடர்களிலும் விளம்பரம் இடம்பெறும், வேண்டாம் என்பவர் மாதம் 129 ரூபாயோ ஆண்டுக்கு 699 ரூபாயோ கூடுதலாகக் கட்டலாம். பிரைமின் ஆண்டுக் கட்டணமான 1,499 ரூபாயில் மாற்றமில்லை என்றது நிறுவனம். அந்தச் சொல்லைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜூன் 16 வரை 1,499 ரூபாய்க்குக் கிடைத்த அதே அனுபவத்துக்கு மறுநாளிலிருந்து 2,198 ரூபாய். இது ஏறத்தாழ 47 சதவீத விலையேற்றம். விலையை ஏற்றுகிறோம் என்று நேராகச் சொல்லியிருந்தால் மக்கள் கோபப்பட்டிருப்பார்கள், சிலர் விலகியிருப்பார்கள். அதுவாவது நேர்மையான வியாபாரம். பிரைம் சந்தாவில் இலவச டெலிவரியும் பாட்டும் சேர்ந்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் படம் பார்க்கவே அதை வாங்கியவருக்கு அது ஆறுதலாகாது. 2025 பிப்ரவரி 14 அன்று தொடங்கிய ஜியோஹாட்ஸ்டாரில் வேறு வழி. தொடக்கத்தில் அதில் ஆண்டுக்கு 499, 899, 1,499 ரூபாய் என மூன்று திட்டங்கள் இருந்தன. முதல் இரண்டிலும் விளம்பரம் உண்டு, மூன்றாவதில் இல்லை என்று வாங்கும்போதே சொல்லப்பட்டது. அந்த மூன்றாவது திட்டத்திலும் நேரலை விளையாட்டுக்கு விலக்கு. ஐபிஎல் பார்க்கவே அதிகப் பணம் கட்டியவர் விளம்பரத்தோடுதான் பார்க்க வேண்டும். இருந்தாலும், முன்கூட்டியே சொல்வதையும் பின்னால் மாற்றுவதையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

பொழுதுபோக்கு இணையதளங்களில் இந்தத் தொல்லை பாப்-அப் வடிவத்தில் வருகிறது. திரையை மறைத்தபடி ஒரு பெட்டி எழும். மூடும் பெருக்கல் குறி மூலையில் நெல்மணி அளவுக்கு ஒளிந்திருக்கும். 1990களின் பிற்பகுதியில் ட்ரைபாட் என்ற அமெரிக்க இணையதளத்தில் வேலை பார்த்த ஈதன் சக்கர்மன்தான் இதற்கு நிரல் எழுதியவர்களில் ஒருவர். ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் பொருந்தாத பக்கத்தில் தோன்றிப் பிரச்சினையானதால், பக்கத்தோடு ஒட்டாமல் தனிச் சாளரத்தில் காட்டுவது என்று முடிவெடுத்தார்கள். 2014 ஆகஸ்டில் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் அதற்காக அவர் மன்னிப்புக் கேட்டார். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடுப்புகள் வந்துவிட்டன. உலாவிகள் பாப்-அப்பைத் தாமாகவே தடுத்தன. 2017 ஜனவரியிலிருந்து, கைபேசியில் பக்கத்தை மறைக்கும் பெட்டிகளைக் காட்டும் தளங்களைத் தேடல் வரிசையில் கீழே தள்ளத் தொடங்கியது கூகுள். 2018 பிப்ரவரியில் குரோம் உலாவியே மோசமான விளம்பரங்களை வடிகட்டத் தொடங்கியது. இத்தனைக்குப் பிறகும் அது ஒழியவில்லை, ஏனென்றால் தனிச் சாளரமாக வந்தது இப்போது பக்கத்துக்குள்ளேயே எழும் பெட்டியாக மாறிவிட்டது. உலாவிக்கு அது பக்கத்தின் ஒரு பகுதி, நமக்கு அது அதே பழைய தொல்லை.

பணம் கட்டாதவரைத்தானே விளம்பரம் துரத்த வேண்டும், கட்டியவரை ஏன் துரத்துகிறது? விளம்பரதாரரின் இடத்திலிருந்து பார்த்தால் விடை தெரியும். சந்தா கட்டியவர் இணையத்தில் செலவு செய்யத் தயாராக இருப்பதை நிரூபித்துவிட்டவர். அவருடைய பெயர், போன் எண், விருப்பங்கள் எல்லாம் தளத்திடம் இருக்கின்றன. சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஆயிரம் பேரைவிட இப்படிப்பட்ட நூறு பேர் விளம்பரதாரருக்கு மதிப்பானவர்கள். விலகும் சந்தாதாரர் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம், விளம்பரம் கண்ணுக்குத் தெரியும் வருமானம். விலகாமல் முணுமுணுத்துக்கொண்டிருப்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். இதோடு இன்னொரு தந்திரமும் உண்டு. விளம்பரமில்லாத் திட்டம் என்று விற்றுவிட்டு, மேல்நிலைத் திட்டத்துக்கு மாறுங்கள், செயலியை இறக்குங்கள், எங்கள் புதுத் தொடரைப் பாருங்கள் என்று தன் சொந்தச் சரக்கையே குறுக்கே நிறுத்துவது. கேட்டால், அது விளம்பரமல்ல, அறிவிப்பு என்பார்கள். பார்ப்பவரின் நேரத்தைத் தின்பதில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

திருப்பூருக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. ஆர்டர் உறுதியாகி, நூல் வாங்கி, சாயம் ஏற்றி, துணி கட்டிங் மேசைக்கு வந்த பிறகு விலையைக் குறைக்கச் சொல்லும் பையரை இந்த ஊர் நன்றாக அறியும். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது வெளிநாட்டு பையர்கள் ஆர்டரை ரத்து செய்தார்கள், தள்ளுபடி கேட்டார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோதும் அந்தச் சுமையில் பங்கை ஏற்றுமதியாளர் தலையில் வைக்கப் பார்த்தார்கள். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் ஊர் அதை அநியாயம் என்று உரக்கச் சொன்னது, சரியாகவே சொன்னது. கைகுலுக்கிய விலையை ஒரு தரப்பு மட்டும் மாற்றக் கூடாது என்பது வியாபாரத்தின் அடிப்படை நாணயம். கோடிக்கணக்கான ரூபாய் ஆர்டருக்கு ஒரு நியாயம், தையல் தொழிலாளியின் 1,499 ரூபாய்க்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது.

பறிபோவது பணம் மட்டுமில்லை. வீடியோ விளம்பரம் ஓடும் டேட்டா நிறுவனத்தின் கணக்கில் கழிவதில்லை, நம் ரீசார்ஜில்தான் கழிகிறது. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி வைத்து வீடு முழுக்கச் சமாளிக்கும் குடும்பத்துக்கு அது கணக்கில் வரும் செலவு. பார்க்க விரும்பாத ஒன்றைப் பார்க்கத் தன் கையிலிருந்தே சந்தாதாரர் காசு போடுகிறார். நேரமும் அப்படித்தான். தொலைக்காட்சியில் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கின்றன கேபிள் தொலைக்காட்சி விதிகள். ஓடிடிக்கும் இணையதளங்களுக்கும் அப்படி ஒரு வரம்புகூட இல்லை. தொலைக்காட்சியைவிடக் குறைவாகவே காட்டுகிறோம் என்பது நிறுவனங்களின் வாக்குறுதி மட்டுமே. நாளை அது மாறினால் கேட்பதற்குச் சட்டத்தில் ஓர் எண் இல்லை.

செய்தித்தாளும் வார இதழும் காசுக்கு விற்றுக்கொண்டே விளம்பரமும் போடுகின்றனவே என்று கேட்பார்கள். இதுதான் எதிர்வாதங்களில் வலுவானது. நீங்கள் படிக்கும் இதழும் அப்படி வருவதாக இருக்கலாம். ஆனால் அங்கே இரண்டு விஷயங்கள் வேறு. விளம்பரத்தோடுதான் வரும் என்பது வாங்கும்போதே தெரியும். முதல் இதழைப் பிரித்த நாளிலிருந்தே தெரியும். அடுத்து, அச்சு விளம்பரம் தன் இடத்தில் இருக்கும். பக்கத்தைப் புரட்டினால் போயிற்று. படித்துக்கொண்டிருக்கும் வரியின் மேல் ஏறி உட்கார்ந்து, 20 விநாடி என்னைப் பார்த்தால்தான் விடுவேன் என்று அடம்பிடிக்காது. விளம்பரத்தையே எதிர்க்கும் நோக்கமும் இங்கு யாருக்கும் இருக்க நியாயமில்லை. ராம்ராஜ் வேட்டியைத் தமிழ்நாட்டின் வீட்டுக்கு வீடு தெரிய வைத்தது விளம்பரம்தான். காதர்பேட்டையிலிருந்து இணையத்தில் டி-ஷர்ட் விற்கும் சிறு வியாபாரிக்கும் அது தேவை. சொன்ன இடத்தில், சொன்னபடி அது நிற்க வேண்டும் என்பதுதான் கேட்பது.

விளம்பரம் இல்லாவிட்டால் சந்தா இன்னும் ஏறும், ஏழைகளுக்கு எட்டாது என்பது அடுத்த வாதம். குறைந்த விலையில் விளம்பரத்தோடு ஒரு திட்டம் இருப்பதை நான் வரவேற்கிறேன். 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் விளம்பரத் திட்டம் கொண்டுவந்தபோது, அதைப் புதிதாக, மலிவான விலையில் தனியே வைத்தது. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தவர் திரையில் கை வைக்கவில்லை. 2025 செப்டம்பரில் யூடியூப் இந்தியாவில் 89 ரூபாய்க்குக் கொண்டுவந்த பிரீமியம் லைட் திட்டத்திலும், இசை வீடியோக்களிலும் ஷார்ட்ஸிலும் விளம்பரம் வரும் என்பது முதலிலேயே சொல்லப்பட்டது. விரும்பியவர் இறங்கி வரட்டும் என்று மலிவு வாசலைத் திறப்பது ஒன்று, எல்லோரையும் கீழே தள்ளிவிட்டு மேலே வரக் காசு கேட்பது வேறொன்று. ஏழையின் பெயரைச் சொல்லி இரண்டாவதை நியாயப்படுத்தக் கூடாது.

சிறு தளங்கள் விளம்பரமின்றிப் பிழைக்காது என்பதிலும் பாதிதான் உண்மை. பின்னல் கலைஞர்களுக்காக 2007இல் தொடங்கிய ராவெல்ரி தளத்தில் விளம்பரம் உண்டு, ஆனால் அவை நூல், ஊசி, டிசைன் சார்ந்தவை. படிப்பவரின் ஆர்வத்துக்கே உரியவை. செஸ் ஆடும் லிசெஸ் தளத்தில் விளம்பரமே கிடையாது, கட்டணமும் கிடையாது, நன்கொடையில் நடக்கிறது. எல்லாத் தளத்துக்கும் இது கைகூடாது என்பது எனக்கும் தெரியும். சிறு தள உரிமையாளர் பலருக்குத் தன் பக்கத்தில் எந்த விளம்பரம் வருகிறது என்பதே தெரியாது; இடத்தை ஒரு விளம்பர வலையமைப்பிடம் ஒப்படைத்துவிடுகிறார், கண் இமைக்கும் நேரத்தில் ஏலம் முடிந்து விளம்பரம் வந்து நிற்கிறது. ஆனால் உள்நுழைந்தவர் சந்தாதாரரா என்று பார்த்து அந்த நிரலை ஓடவிடாமல் நிறுத்துவது நன்கொடை திரட்டுவதைப் போலக் கடினமான வேலையில்லை. அதைச் செய்யாமல் சந்தா மட்டும் வாங்குவதற்குச் சிறு தளம் என்பது சாக்காகாது.

பிடிக்காவிட்டால் விலகிவிடலாமே என்கிறவர்கள் ஆண்டுச் சந்தாவை மறந்துவிடுகிறார்கள். முன்பணம் ஏற்கெனவே போய்விட்டது. ரீசார்ஜோடு சேர்ந்து வந்த சந்தாவைத் தனியே பிரித்து விலக முடியாது. பொழுதுபோக்குத் தளங்களில் இன்னொரு கட்டும் உண்டு: ஆண்டுக்கணக்கில் சேமித்த டிசைன்கள், ஆட்டங்கள், படங்கள், குறிப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியேற வழி தராத தளம், விலகும் உரிமை உனக்கு உண்டு என்று சொல்வதில் பொருளில்லை.

சட்டம் முற்றிலும் கைவிடவில்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த வழிகாட்டு நெறிகள், டார்க் பேட்டர்ன் எனப்படும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. வணிக லாபத்துக்காகத் திரும்பத் திரும்ப இடைமறித்து நச்சரிப்பது அவற்றில் ஒன்று. பயனர் குறிப்பாக அனுமதித்தால் மட்டுமே விலக்கு. இணைய வணிக நிறுவனங்கள் தங்களைத் தாங்களே மூன்று மாதத்துக்குள் தணிக்கை செய்ய வேண்டும் என்று 2025 ஜூனில் ஆணையம் அறிவுறுத்தியது. திரையரங்க விளம்பரம் பற்றிய ஒரு வழக்கும் கவனிக்கத் தக்கது. சொன்ன நேரத்துக்குப் படத்தைத் தொடங்காமல் 25 நிமிடம் விளம்பரமும் டிரெய்லரும் காட்டியதற்காக, 2025 பிப்ரவரியில் பெங்களூரு நுகர்வோர் ஆணையம் பிவிஆர் ஐநாக்ஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்து, புகார்தாரருக்கு இழப்பீடும் நுகர்வோர் நல நிதிக்கு ஒரு லட்சம் ரூபாயும் கட்டச் சொன்னது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தீர்ப்பு நிற்கிறதோ இல்லையோ, காசு கொடுத்து வந்தவரின் நேரத்துக்கும் விலை உண்டு என்பதை ஒரு மன்றம் பதிவு செய்துவிட்டது.

ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், நடுவில் மாற்றப்படும் நிபந்தனையில். எந்த நேரத்திலும் சேவையை மாற்றிக்கொள்வோம் என்ற வரியைப் பல நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட வரி நியாயமற்றது, செல்லாது என்று சொல்லும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மாவட்ட ஆணையத்துக்குத் தரவில்லை. மாநில ஆணையத்துக்கும் அதற்கு மேலும்தான் தந்திருக்கிறது. அதாவது 699 ரூபாய்க்காக ஒரு திருப்பூர் தொழிலாளி மாநில ஆணையத்தை நாட வேண்டும். இணையவழியில் புகார் தரலாம் என்றாலும் யார் அதற்கு மெனக்கெடுவார்? அதனால்தான் தனிமனிதர் வழக்கை நம்பியிராமல், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே ஒரு விதியைப் போட வேண்டும். சந்தாக் காலம் முடியும்வரை புது விளம்பரம் புகக் கூடாது. புகுத்தினால் மீதிக் காலத்துக்கான பணம் கேட்காமலே திரும்ப வர வேண்டும். விளம்பரம் உண்டா, மணிக்கு எத்தனை நிமிடம், சொந்த அறிவிப்பும் அதில் சேருமா என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போட வேண்டும். பனியன் லேபிளில் எத்தனை சதவீதம் காட்டன் என்று போடாமல் இந்த ஊரிலிருந்து ஒரு பெட்டி ஐரோப்பாவுக்குப் போக முடியாது. திரையை விற்பவருக்கு மட்டும் ஏன் சலுகை?

அந்த விதி வரும்வரை வாசகர்கள் இரண்டு காரியம் செய்யலாம். சந்தா கட்டும் நாளில், விளம்பரம் இல்லை என்று திரையில் எழுதியிருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு மாறினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.