கோணத்தை அளந்த பேராசிரியர்

கரன்ட் வருகிறது, பில் வருகிறது. மின்தொகுப்பில் ஒரு பேராசிரியர் ஆயுள் முழுக்க ஆராய என்ன இருக்கிறது என்று டீ குடித்தபடியே சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அருண் ஃபட்கே என்ற ஒருவரின் வேலையைச் சொன்னால் விளங்கும்.

1959-இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பட்டம், 1964-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு நெடுங்காலம் அமெரிக்கன் எலெக்ட்ரிக் பவர் என்ற மின் நிறுவனத்தில் வேலை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தது 1982-இல்தான். அவர் ஆராய்ந்த கேள்வி, கம்பியும் சப்ஸ்டேஷனுமாகக் கழிந்த அந்த நிறுவன நாட்களிலேயே பிறந்துவிட்டது.

லைனில் ஷார்ட் ஆனால் நொடியின் சிறு பகுதிக்குள் கண்டுபிடித்து பிரேக்கரைத் திறக்கச் சொல்வது ரிலே. 1970-களில் ஃபட்கேயின் குழு அந்த வேலையைக் கணினியிடம் கொடுக்கப் பார்த்தது. மூன்று ஃபேஸ்களுக்குள் எங்கே ஷார்ட் என்று அறிய ஆறு சமன்பாடுகளைச் சோதிக்க வேண்டும். அன்றைய கணினிக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஃபார்டெஸ்க்யூ 1918-இல் சொன்ன சமச்சீர்க் கூறுகள் முறையைக் கொண்டு ஆறையும் ஒரே சமன்பாடாக்கினார்கள். அந்தக் கணக்கின் நடுவே, அந்த இடத்து மின்னழுத்தத்தின் அளவும் கோணமும் தாமாகவே வந்து விழுந்தன. ரிலேக்குத் தேவைப்பட்டதைவிட இது பெரிய விஷயம் என்று கண்டுகொண்டதில்தான் அவருடைய கூர்மை இருக்கிறது.

கோணம் என்றால்? அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சுற்று. தூரத்தில் உள்ள இரண்டு அனல்மின் நிலையங்களின் சுழலிகளில் ஒரே இடத்தில் பெயின்ட் புள்ளி வைத்ததாகக் கொள்ளுங்கள். இரண்டும் நிமிடத்துக்கு 3600 முறை சுற்றுகின்றன. ஆனால் ஒரே கணத்தில் பார்த்தால் ஒரு புள்ளி சற்று முன்னே நிற்கும். முன்னே இருப்பதிலிருந்து பின்னே இருப்பதை நோக்கித்தான் மின்சாரம் பாயும். இடைவெளி கூடினால் பாய்ச்சலும் கூடும். ஆனால் இரு முனைக்கும் இடையே 90 பாகையைத் தாண்டினால் பிடி தளர ஆரம்பிக்கும். பிறகு இரண்டும் ஒத்திசைவை இழந்து தொகுப்பே துண்டாகும். தொகுப்பு எவ்வளவு இழுபட்டு நிற்கிறது என்பதைக் காட்டுவது அந்தக் கோணம்.

இவ்வளவு முக்கியமானதை யாரும் நேரடியாக அளக்கவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு வந்த அளவீடுகள் பல நொடிகளில் முன்பின்னாக வந்தவை. திருவிழாக் கூட்டத்தை வெவ்வேறு நேரத்தில் எடுத்த படங்களை ஒட்டி, இதுதான் கூட்டம் என்று சொல்வதைப் போல. அதிலிருந்து கோணத்தைக் கணக்குப் போட்டு ஊகித்தார்கள். நேரில் அளக்க, நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். ஒரு மில்லிநொடி பிசகினால் கோணத்தில் 21 பாகைக்கு மேல் பிழை. ஒரு மைக்ரோநொடி என்றால் 0.02 பாகைதான். அந்தத் துல்லியத்தைத் தந்தவை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள்.

கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் தார்ப்புடன் ஃபட்கே வளர்த்த இந்த யோசனை, 1988-இல் வர்ஜீனியா டெக் ஆய்வகத்தில், மின்னழுத்தத்தின் அளவையும் கோணத்தையும் சேர்த்தே அளக்கும் முதல் ஃபேசர் அளவீட்டுக் கருவியானது. பி.எம்.யூ. என்பார்கள். அப்போது வானில் போதுமான ஜி.பி.எஸ். கோள்களே இல்லை, இடைவெளிகளைச் சமாளிக்கக் கருவிக்குள் விலையுயர்ந்த தனிக் கடிகாரம் தேவைப்பட்டது. கோள்கள் நிறையும்வரை காத்திருக்காமல் செய்து பார்த்த அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதன்பின் நெடிய பொறுமை. 2003 ஆகஸ்ட் 14 அன்று வடகிழக்கு அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாததால், எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தவே புலனாய்வாளர்கள் பெரும்பாடுபட்டார்கள். அதற்குப் பிறகே பி.எம்.யூ.க்களுக்கு உண்மையான வரவேற்பு. ஃபட்கேக்கும் தார்ப்புக்கும் ஃபிராங்க்ளின் பதக்கம் கிடைத்தது 2008-இல். முதல் கருவி பிறந்து இருபது ஆண்டுகள் கழித்து.

நமக்கும் இதில் பங்குண்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியத் தொகுப்பு சரிந்தபோது தமிழ்நாடு தப்பியது. தென்னகத் தொகுப்பு அப்போது நேர்மின் இணைப்புகள் வழியாகவே பிற பகுதிகளோடு சேர்ந்திருந்தது; நேர்மின்சாரத்தில் கோணம் இல்லை, அதனால் அங்கே ஒத்திசைவு குலைந்தது இங்கே தொற்றவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக நாமும் அதே ஒத்திசைவில் சேர்ந்தோம். தூத்துக்குடியின் சுழலிக்கும் பஞ்சாபின் சுழலிக்கும் இடையே கோணம் என்று ஒன்று இருப்பதும், அதைக் கண்காணிக்க வேண்டியிருப்பதும் அன்றிலிருந்துதான்.