உங்களுக்குத் தெரியுமா? கோட்டைக்குள் பிறந்த பெரியாஸ்பத்திரி

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காக 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கப்பட்டது. 1690-இல், ஆளுநர் எலிகு யேல் காலத்தில், கோட்டைக்குள்ளேயே புது இடம் பெற்றது. 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. பிறகு மருத்துவமனை கோட்டையை விட்டு வெளியேறியது. அதைத் திட்டமிட்ட நகர்வு என்று சொல்வதற்கில்லை. நிலையான இடமின்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அலைந்து, 1772-இல்தான் இன்றைய இடத்தில் அமர்ந்தது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இப்போது இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.