வருகின்ற நீரும் போகின்ற நீரும்

நீரைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் வள்ளுவரிடம் தொடங்குவது ஆண்டு மலர்களின் மரபு. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நான் எங்கள் வீட்டுத் தரைத்தொட்டியில் தொடங்குகிறேன்.

சென்ற ஐப்பசி மழையின்போது என் தங்கைக்கு மஞ்சள் காமாலை கண்டது. சோற்றைக் கண்டாலே குமட்டல்; கண்ணின் வெள்ளை முழுதும் மஞ்சள். ஆச்சி கீழாநெல்லியை அரைத்து மோரில் கரைத்துக் கொடுத்தார். மருத்துவரோ, "வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். "குழாய்த் தண்ணீர்தான்" என்று அப்பா சற்றுக் கோபத்தோடு சொன்னார். அந்தக் கோபம் யார்மேல் என்பது எங்களுக்குப் புரிந்தது. இராஜபாளையத்தில் மட்டுமன்று, எந்த ஊரிலும் நோய் வந்தால் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது தெருக்குழாய்தான். வேதியியல் படிக்கிறவன் என்ற மிடுக்கில் நானும் அதைத்தான் நினைத்தேன்.

மறுமுறை தண்ணீர் வந்த அன்று, தெருவில் வால்வு திறக்க வந்த அண்ணாச்சியை வழிமறித்தேன்.

"அண்ணாச்சி, தண்ணியில மருந்து போடுறீங்களா இல்லையா?"

"போடாம விடுவோமா தம்பி? வாங்க, உங்க கண்ணு முன்னாலயே பாத்துருவோம்."

பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குழலை எடுத்தார். எங்கள் குழாயில் பிடித்த நீரில் ஒரு மாத்திரையைப் போட்டதும் நீர் இளஞ்சிவப்பாயிற்று. பெட்டியிலிருந்த நிற அட்டையோடு ஒப்பிட்டு, "0.2-க்குக் கொஞ்சம் மேலயே இருக்கு" என்றார். பிறகு அப்போதுதான் நிறைந்திருந்த எங்கள் தரைத்தொட்டியில் வாளியை விட்டு எடுத்த நீரிலும் அதே சோதனையைச் செய்தார். நிறமே வரவில்லை. அண்ணாச்சி எங்கள் தொட்டியின் மூடியையும், அதிலிருந்து மூன்றே அடி தள்ளியிருந்த கழிப்பறைத் தொட்டியின் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த 0.2 என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீரில் கலக்கும் குளோரின் முதலில் கிருமிகளோடும் அழுக்கோடும் போராடிச் செலவாகிறது. அரை மணி நேரம் கழித்தும் செலவாகாமல் எஞ்சுவதே வழித்துணை. வெளியூர் போகும் பிள்ளையிடம் வழிச்செலவு போகக் கொஞ்சம் கைக்காசு மிஞ்ச வேண்டும் என்று வீட்டில் நினைப்பதில்லையா, அதுபோல. கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்ச வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. எங்கள் தொட்டியில் அது நொடியில் மறைந்தது என்றால், அதை விழுங்க ஏதோ உள்ளே காத்திருந்தது என்பதே பொருள்.

எங்கள் துறை ஆசிரியர் இரண்டு சிறு புட்டிகள் தந்தார். உள்ளே மருந்து தோய்த்த ஒரு தாள் இருக்கும். மலக்கழிவு கலந்த நீரை ஊற்றி வைத்தால் ஓரிரு நாளில் புட்டி கறுத்துவிடும். 1982-இல் குவாலியரில் நம் நாட்டு அறிவியலாளர்கள் கண்ட எளிய முறை இது. காமாலைக் கிருமியையே இது காட்டாது. ஆனால் அக்கிருமி நுழையும் வாசல் திறந்திருக்கிறதா என்பதைக் காட்டிவிடும். குழாய் நீர்ப் புட்டி தெளிவாக நின்றது. தொட்டி நீர்ப் புட்டி மறுநாள் காலையில் மைபோல் கறுத்திருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தொட்டிகளையும் அருகருகே கட்டச் சொன்னவர் அவர்தான்.

அன்று முதல் ஓர் ஊரின் நீருக்கு என்னென்ன காவல் உண்டு என்று தேடிப் படிக்கலானேன்.

வருகின்ற நீரின் கதை எளிது. இராஜபாளையத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், அய்யனார் கோயில் பக்கத்து முடங்கியாற்று நீர், ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்புப் பக்கம். மலை நீர் போதாமல் தாமிரபரணி நீரையும் நெடுந்தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. மலைக்காட்டைச் சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமாக்கினார்கள். 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. அணிலும் புலியும் நம் நீர்ப்பிடிப்புக்குச் சம்பளமில்லாக் காவலர்கள் என்பது என் கருத்து. அங்கே மேலே ஆலையும் இல்லை, சாக்கடையும் இல்லை.

குடிநீருக்கான இந்தியத் தரநிலையின் எண் 10500. 1983-இல் வெளியாகி, 2012-இல் திருத்தப்பட்டது. அமிலத்தன்மைக் குறியீடு 6.5 முதல் 8.5 வரை, கரைந்த உப்புகள் 500 மில்லிகிராம், வேறு ஆதாரமில்லாத இடத்தில் 2000 வரை, 100 மில்லி லிட்டரில் மலக்கிருமி ஒன்றுகூடக் கூடாது என்று நீளும் பட்டியல் அது. ஆனால், நண்பர்களே, அது தரநிலைதானே தவிரச் சட்டமன்று என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. குழாய் நீர் அந்த அளவு தவறினால், அந்த ஏட்டைக் காட்டி மட்டும் எவரையும் தண்டிக்க இயலாது. சட்டத்தின் கண் முழுவதும் போகின்ற நீரின் மேல்தான்.

1974-இல் நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. 1982 பிப்ரவரி 27-இல் தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. கழிவுநீரை ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடுகிற எவரும் வாரியத்திடம் இசைவு பெற வேண்டும். கட்டுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு மற்றொன்று. 'எவரும்' என்ற அந்தச் சொல்லில்தான் சுவையே இருக்கிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஆலைக்காரர் விண்ணப்பத்தோடு நிற்கும் அதே வரிசையில் நகராட்சியும் நிற்க வேண்டும். நமக்கு நீர் தருகின்ற கை, சட்டத்தின் முன் ஒரு மாசுக்காரரின் கையாகவும் இருக்கிறது! வாரியத்தார் வந்து மாதிரி எடுக்கலாம். ஒரு பகுதியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அளவு மீறினால் ஆணையிடலாம்.

அளவு எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இராஜபாளையத்தில் 1,30,000-க்கு மேற்பட்டோர். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது மத்திய அரசின் பொறியியல் நெறி. அப்படித் தந்தால் 1 கோடியே 75 லட்சம் லிட்டர். குடித்தது, குளித்தது, துவைத்தது எல்லாம் போக ஐந்தில் நான்கு பங்கு திரும்பி வரும் என்பது பொறியாளர் கணக்கு. அதாவது நாள்தோறும் 1 கோடியே 40 லட்சம் லிட்டர். தாமிரபரணியிலிருந்து கூடுதலாக ஒரு குடம் கொண்டுவந்தால் முக்கால் குடத்துக்கு மேல் சாக்கடை கூடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

கழிவுநீரை அளக்கும் முதன்மையான கோல் பி.ஓ.டி. என்பது. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதற்காக எவ்வளவு பிராணவாயுவைச் செலவிடும் என்ற கணக்கு. வீட்டுச் சாக்கடையில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை. சல்லடையிட்டு, மணலைப் படியவிட்டு, காற்றை ஊதி நுண்ணுயிர்களைப் பெருக்கி, மீண்டும் தெளியவிட்டு, இதை 30-க்குக் குறைக்க வேண்டும் என்பது நம் ஊர் போன்ற ஊர்களுக்கு 2017 அக்டோபர் அறிவிக்கை சொல்வது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரல் 30-இல் 10 என்றே உத்தரவிட்டது.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1898-இல் அமைத்த அரச ஆணையம் 1912-இல் பி.ஓ.டி. 20, மிதக்கும் திண்மம் 30 என்று வகுத்தது. ஐந்து நாள் வைத்துச் சோதிப்பது அவர்கள் முறை. அந்நாட்டு ஆறு எதுவும் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் எடுப்பதில்லை என்பதால்தான் ஐந்து என்பார்கள். நம் வெப்பத்துக்கு ஏற்ப நாம் 27 டிகிரியில் மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டோம். ஆனால் அந்த ஆணையம் இன்னொன்றும் சொன்னது: விடுகின்ற கழிவுநீரைப்போல் எட்டு மடங்கு நல்ல நீராவது ஆற்றில் ஓட வேண்டும்.

இங்கே நம் வைப்பாற்று வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஓடைகளில் எட்டு மடங்குக்கு எங்கே போவது? நம் ஓடை கடலுக்குப் போவதில்லை, கண்மாய்க்குப் போகிறது. கண்மாய் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு. பெருகாத ஆண்டில் வந்தது வந்த இடத்திலேயே நின்று, பாதி ஆவியாகி, மீதி நிலத்தடியில் இறங்கி யாரோ ஒருவர் கிணற்றில் ஊறுகிறது. ஆகவே 30 என்பது இலண்டனுக்குப் போதும். நம் கண்மாய்க்குப் போதாது என்றே நான் கருதுகிறேன். 10 என்ற உத்தரவைச் 'செலவு மிகுதி' என்று சிலர் குறை கூறுவர். நான் அந்த உத்தரவின் பக்கம்.

'பணமில்லை' என்ற விடை பழைய விடை. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை சென்று அதைத்தான் சொல்லிற்று. 1980 ஜூலையில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், மக்கள் நலத்துக்கான கடமையைக் கைவிட நிதி வறுமை சாக்காகாது என்று தீர்ப்பளித்தார். தமிழ்நாட்டின் பத்து நகரங்களுக்காக 2018-இல் ஆசிய வளர்ச்சி வங்கி 50 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அதன் முதல் தவணையில் கழிவுநீர்ப் பணிக்காகக் குறிக்கப்பட்ட ஊர்களுள் இராஜபாளையமும் ஒன்று. எங்கள் தெருவை வெட்டிப் போட்டபோது புழுதிக்கு முகம் சுளித்தவர்களுள் நானும் ஒருவன். எதற்காக வெட்டினார்கள் என்று அப்போது கேட்டதில்லை.

பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களுக்கும் விதி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீட்டில் கழிப்பறைத் தொட்டியைக் கட்டிய நாள் முதல் திறந்ததேயில்லை என்று மாமா பெருமையாகச் சொல்வார். அது பெருமையன்று. 2014-இல் தமிழக அரசு வகுத்த நெறிப்படி அவ்வப்போது லாரி வைத்து உறிஞ்சி, சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும், ஓடையில் கொட்டக்கூடாது. உள்ளே ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்த ஒன்றையாவது நம் கல்லூரியில் படிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் சொல்ல வேண்டும்.

சட்டமும் வாரியமும் தெருவரைதான் வரும். தெருவில் குழாய் பதித்தாலும் வீட்டார் இணைப்பு வாங்காவிட்டால் சுத்திகரிப்பு நிலையம் காற்றைத்தான் சுத்திகரிக்க வேண்டும். இணைப்புக்கு வைப்புத்தொகை என்றதும் அப்பாவும் முன்பு "பார்க்கலாம்" என்றவர்தான்.

தை மாதம் பழைய தரைத்தொட்டியை உடைத்தோம். கொத்தனார் பூச்சைப் பெயர்த்தபோது கழிப்பறைப் பக்கத்துச் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு ஒன்று கோணல்மாணலாக ஓடியிருந்தது. புதுத் தொட்டியை வாசல் பக்கம், மூடியைத் தரைக்கு ஒரு முழம் உயர்த்திக் கட்டினோம். முதல் தண்ணீர் நிறைந்த அன்று அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். மாத்திரை போட்டார், இளஞ்சிவப்பு வந்தது. ஆசிரியரிடம் மூன்றாவது புட்டி ஒன்று கேட்டு வாங்கி வந்து, அதில் நீரை ஊற்றி அலமாரியில் வைத்தேன். தங்கைதான் அதைக் காலையும் மாலையும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாளும் அது கறுக்கவில்லை.