எதையும் சேர்க்காத ஒயினுக்கு அறிவியல் எதற்கு?

திராட்சையை நசுக்கி விட்டுவிட்டால், தோலிலும் ஆலையிலும் இருக்கும் ஈஸ்ட்டே சாற்றை நொதிக்க வைத்து ஒயினாக்கிவிடும். கவனிக்காமல் விட்டால் பாக்டீரியா அதைப் புளிக்காடியாக்கிவிடும். இதைத் தடுக்கப் பெரும்பாலான ஆலைகள் கந்தக டை ஆக்சைடு சேர்க்கின்றன. நொதித்தலுக்கு ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்ட்டைப் பயன்படுத்துகின்றன. ‘இயற்கை ஒயின்’ தயாரிப்போர் இரண்டையும் கூடியவரை தவிர்ப்பதால், அவர்கள் அறிவியலைக் கைவிட்டுப் பழமைக்குத் திரும்புவதாக ஒரு கருத்து உண்டு. ஆனால் பிரான்சின் பொஜொலே பகுதியில் இந்த இயக்கத்துக்கு வழிகாட்டியவர் ஒயின் வணிகரும் வேதியியலாளருமான ஜூல் ஷோவே (1907–1989). அவர் ஈஸ்ட்டையும் நொதித்தலையும் ஆராய்ந்தவர். மோர்கோன் பகுதியின் மார்செல் லாப்பியேர் போன்றோர் அவரைப் பின்பற்றினர்.

கந்தக டை ஆக்சைடு செய்யும் வேலைகளைப் பார்த்தால், இதற்கு அறிவியல் ஏன் தேவை என்பது புரியும். அது கிருமிகளை அடக்குகிறது; ஆக்சிஜனால் ஒயின் கெடுவதையும் தடுக்கிறது. அதை விலக்கினாலும் இந்த வேலைகளை விலக்க முடியாது. அழுகிய பழம் கெடுக்கும் பாக்டீரியாவைச் சுமந்துவரும் என்பதால், கையால் பறித்துப் பொறுக்க வேண்டும். நொதித்தல் தடுமாறாதபடி வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். பொஜொலேயில் முழுக் குலைகளைக் கரியமில வாயு நிறைந்த மூடிய தொட்டியில் இடுவதால் காற்றும் விலகுகிறது. கந்தகம் செய்த வேலையை இங்கே சுத்தமும் கண்காணிப்பும் செய்கின்றன.

“இவற்றில் பல கெட்டுப்போன ஒயின்கள்தானே?” என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட் தொழுவ வாடையைத் தரும். ‘எலிவாடை’ என்ற குறை முகர்ந்தால் பிடிபடாது. எச்சில் கலந்து அமிலத்தன்மை குறைந்த பிறகே வாயில் எழும். ஆனால் இவை கந்தகம் இல்லாததன் தவிர்க்கமுடியாத விளைவுகள் அல்ல. பாதுகாப்பை விலக்கிவிட்டு அதன் இடத்தில் கவனத்தை வைக்காததே பெரும்பாலும் காரணம். மறுபக்கம், ஆதரவாளர்கள் சொல்லும் ஆரோக்கியப் பெருமையும் நிற்காது. நொதிக்கும்போது ஈஸ்ட்டே சிறிது சல்ஃபைட்டை, அதாவது ஒயினில் கரைந்த கந்தக டை ஆக்சைடை, உண்டாக்குகிறது. சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாத சில ஆஸ்துமா நோயாளிகளைத் தவிர மற்றவர்களுக்கு முதன்மையான கேடு ஆல்கஹால்தான். அது இந்த ஒயினிலும் உண்டு.

ஆகவே நியாயமாக எதிர்பார்க்க வேண்டியது தெளிவான விதி. பிரான்சில் 2020இல் ஏற்கப்பட்ட ‘வின் மெத்தோத் நத்யூர்’ சாசனம் அதைத் தருகிறது: சான்றளிக்கப்பட்ட இயற்கை வேளாண் திராட்சை, கைப்பறிப்பு, தோட்டத்தின் சொந்த ஈஸ்ட், சல்ஃபைட் சேர்த்தால் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரணச் சிவப்பு ஒயினுக்குப் பொதுவாக 150 மில்லிகிராம்வரை அனுமதி உண்டு. ‘இயற்கை’ என்ற பெருமையைவிட, சரிபார்க்கக்கூடிய இந்த நிபந்தனைகளே வாங்குபவருக்குப் பயன்படும்.